ஒரே பேர்ல ரெண்டு ஆளு

தப்பா நெனைக்காதீங்க சார். ஒங்க மடியில இருக்க லேப்டாப்பை எட்டிப் பாக்கணும்னு பாக்கல. ரயில் ஜன்னல் பக்கம் வெயிலு, இந்தப் பக்கம் திரும்பினேன், கண்ணுல பட்டுட்டு. எக்செல்ல வி-லுக்கப் எழுதி, அதத் தூக்கி சம்-இஃப்க்குள்ள வைக்கீங்க இல்லியா? நல்ல வேல. நானும் செஞ்சிருக்கேன். எங்க கரையில அத மொதல்ல செஞ்சவன் நான்தான். இப்ப ஜெராக்ஸ் கட வச்சிருக்கேன், திருநெல்வேலிக்கு டோனர் வாங்கப் போறேன். அப்ப எங்க சர்ச்சுப் பங்குல கம்ப்யூட்டர் கிளாஸ் எடுத்துட்டிருந்தேன். ததேயூஸ் சார்னா சுத்துவட்டாரத்துல எல்லாருக்கும் தெரியும். இப்பவும் தெரியும். வேற மாதிரி தெரியும்.

நீங்க வேலயப் பாருங்க. பாத்துக்கிட்டே கேளுங்க.

அந்த வருசம் புயல் அடிச்சப்ப எங்க ஊரு, பக்கத்து மூணு ஊரு, நாலுலயும் சேத்து எரநூத்திப் பன்னெண்டு ஆம்பளைங்க ஆழ்கடல்ல கெடந்தாங்க. எங்க ஆளுக போனா ஒரு நாள் ரெண்டு நாள்ல திரும்புற ஆளுக இல்ல. இருபது நாளு, ஒரு மாசம். அதுவும் சொந்தப் படகுல போறவன் கம்மி. கொல்லத்துலருந்து ஒருத்தன் போன் பண்ணுவான், ஆளு கொறயுதுன்னு. இவன் பையத் தூக்கிட்டுப் போயிருவான். எந்தப் படகுன்னு வீட்டுல இருக்கவளுக்குத் தெரியாது. திரும்பி வந்து அவன் சொன்னாத்தான் தெரியும்.

புயல் முடிஞ்சு மூணாம் நாள்லருந்து ஆளு வர ஆரம்பிச்சாங்க. கப்பல்காரன் எடுத்தவன் சில பேரு, நேவி எடுத்தவன் சில பேரு. ஒரே படகுல போன பத்துப் பேர்ல ஆறு பேர கொச்சியில எறக்குவான், மூணு பேர லட்சத்தீவுல எறக்குவான், ஒருத்தன கோழிக்கோட்டுல எறக்குவான். அங்க உள்ளவங்க மொதல்ல அனுப்புறது பேர இல்ல சார், எண்ணிக்கைய. இந்தப் படகு, இத்தன ஆளு. அவ்வளவுதான். பேரு பெறகுதான் வரும், அதுவும் மலையாளத்துல கிறுக்கி, அதப் போட்டோ எடுத்து அனுப்புவாங்க.

பங்கு மண்டபத்துல பொம்பளைங்க கூட்டம். சிஸ்டர் ஒருத்தங்க நீளமா ஒரு நோட்டுப் போட்டு எழுதிட்டிருந்தாங்க. ஒவ்வொருத்தியையும் உக்கார வச்சு, ஆளு பேரென்ன, அப்பா பேரென்ன, வயசென்ன, கடைசியா எப்ப போன் பண்ணினாரு, என்ன சொன்னாருன்னு. ஒரு ஆளுக்கு அர மணி நேரம். நான் ஃபாதர்கிட்ட சொன்னேன், இப்படி எழுதினா கிறிஸ்மஸ் வந்துரும் ஃபாதர், நான் எக்செல்ல போட்டுத் தாறேன்னு. சிஸ்டர் நோட்டத்தான் பாத்து அடிச்சேன். அடிக்கையில அப்பா பேரும் சேத்துத்தான் அடிச்சேன் சார். அத மறந்துராதீங்க. எஃப் காலம், ஷீட்டுல ஆறாவது பத்தி. அப்பா பேரு அங்க இருந்துச்சு.

ரெண்டு ஷீட்டு. ஒண்ணுல ஆளு பேரு, அவன் போன படகு. படகு பேரு நாங்க கொல்லத்துல, கொச்சியில மொதலாளிமாருக்குப் போன் போட்டுப் போட்டு வாங்கினது. இன்னொண்ணுல படகு பேரு, எந்தத் துறைமுகம், எத்தன பேரு எறங்கினாங்க. மேல மஞ்சளா ஒரு கட்டம். அதுல புருசன் பேர அடிச்சா, லுக்கப் போயி அவன் எந்தப் படகுன்னு எடுக்கும். அந்தப் படகு பேர சம்-இஃப் வாங்கி, எல்லாத் துறைமுகத்துலயும் அந்தப் படகுலருந்து எத்தன பேரு எறங்கினான்னு கூட்டும். போனது பத்து, வந்தது பத்துன்னா கட்டம் பச்சையாயிரும். படகே முழுசா வந்துட்டுன்னா ஒன் ஆளும் வந்தாச்சுதான? பேரு லிஸ்டு வாற வரைக்கும் காத்திருக்க வேண்டாமே!

ஒருத்தி வந்து மானிட்டருக்கு முத்தம் குடுத்தா சார். பச்சையப் பாத்துட்டு. கண்ணாடியில எச்சி. நான் தொடைக்கல. ஞாயித்துக்கெழம பூசையில ஃபாதர் என் பேரச் சொன்னாரு.

சரி, மெர்லினச் சொல்லுதேன்.

எங்க வீட்டுக்கு மூணு வீடு தள்ளி அவ வீடு. சகாய மெர்லின். அஞ்சு வயசுல ஒரு பொம்பளப் புள்ள. புருசன் பேரு சூசைமிக்கேல். நல்ல பையன், சிரிச்ச மொகம், வாலிபால் ஆடுவான். ஆறாம் நாளு முற்பகல்ல மண்டபத்துக்கு வந்தா. அதுவரைக்கும் கோயில் படிக்கட்டுல, வராத ஆளுக பொஞ்சாதிமாரோட உக்காந்திருந்தா. அன்னிக்கு சிஸ்டர் கலெக்டர் ஆபீஸ் போயிருந்தாங்க.

"ததேயூஸ் அண்ணே, எங்க வீட்டு ஆளப் பத்தி ஏதாவது வந்திருக்கா?"

"படகு பேரென்ன மக்கா?"

"தெரியாதுண்ணே. யாரோ போன் பண்ணினாங்க, போயிட்டாரு. கேக்கணும்னு தோணலியே எனக்கு."

"படகு பேரு எதுக்கு? ஆளு பேரு போதும். அதுக்குத்தான இது இருக்கு."

அடிச்சேன். சூசைமிக்கேல். படகு ஸ்டெல்லா மேரி. போனது பத்து, வந்தது பத்து. பச்ச.

அவ பச்சையப் பாக்கல. என் மொகத்தத்தான் பாத்துட்டிருந்தா. "வந்தாச்சு மக்கா"ன்னேன். "சரியாப் பாருங்கண்ணே"ன்னா. இன்னொரு தடவ அடிச்சேன். அதே பச்ச. "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது"ன்னேன்.

அப்படியே தரையில உக்காந்துட்டா. அழல. தண்ணி கேட்டா. ஆறு நாளா கஞ்சித்தண்ணி எறங்காதவ, ஒரு செம்புத் தண்ணிய மூச்சு விடாமக் குடிச்சா. பெறகு எந்திரிச்சு, மூலையில இருந்த மேசைக்குப் போனா. தேடப் போற படகுக்காரங்க கையில குடுத்து விடுததுக்கு, வராத ஆளுக போட்டோ எல்லாம் அங்க அடுக்கி வச்சிருந்துச்சு. அவ புருசன் போட்டோவத் தேடி எடுத்து, மாராப்புக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிட்டா.

அந்தப் போட்டோவப் பத்தி ஊர்ல நெறய பேசினாங்க. நான் கேக்கேன் சார், ஒரு போட்டோ இல்லங்கிறதுக்காகக் கடல்ல தேடாம விட்டுருவாங்களா? படகத்தான தேடுவாங்க? அவன் படகுல இருந்த மத்தவங்க வீட்டுலயும் போட்டோ குடுத்திருப்பாங்கள்ல? நான் இத ஃபாதர்கிட்டயும் கேட்டேன். அவரு ஜெபமாலைய எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குள்ள போயிட்டாரு.

அவ மாமியாருக்குப் போன் போட்டா, அம்மாவுக்குப் போன் போட்டா. புள்ளைக்குத் தல சீவி விட்டு, தெருவுல எல்லாருக்கும் கல்கண்டு குடுத்தா. எங்க வீட்டுக்கும் கொண்டாந்தா. ஒரே ஒரு வெப்ராளந்தான் அவ மனசுல. "ஏண்ணே போன் வரல? மத்தவங்கெல்லாம் போன் பண்ணுதாங்களே?" நான் சொன்னேன், போனு கடல்ல போயிருக்கும், ஒன் நம்பரு அவனுக்கு மனப்பாடமா தெரியுமா? யோசிச்சா. "தெரியாதுண்ணே, எனக்கும் அவரு நம்பரு தெரியாது, பேரப் பாத்துத்தான் அமுக்குவேன்"னு சிரிச்சா.

ரெண்டு நாள் கழிச்சு கொச்சியிலருந்து பேரு லிஸ்டு வந்துச்சு. ஸ்டெல்லா மேரி ஆளுக ஆறு பேரு அங்க ஒரு ஆஸ்பத்திரியில. ஆறுல ஒண்ணு சூசைமிக்கேல். பாத்தீங்களா? நான் சொன்னது சரின்னு ஆயிட்டுல்ல?

போயிக் கூட்டிட்டு வரணும்னா. ஒத்தையில எப்படி அனுப்ப, நானும் கெளம்பினேன். புள்ளைய அம்மாகிட்ட விட்டுட்டு, மரச்சீனிக் கெழங்கு அவிச்சு, கருவாட்டுக் கொழம்பு ஒரு தூக்குவாளியில எடுத்துக்கிட்டா. நாகர்கோயில்ல காலையில ரயிலு. ஜன்னல் ஓரம் உக்காந்தவ பேச ஆரம்பிச்சா. இனி அவர கடலுக்கு அனுப்ப மாட்டேன், எங்க சித்தப்பா மார்த்தாண்டத்துல கட வச்சிருக்காரு, அங்க நிப்பாட்டுவேன்னா. அவருக்கு ஆஸ்பத்திரிச் சோறு எறங்காதுன்னா. பாப்பாவுக்கு ரெண்டு வருசத்துல கோயில்ல புதுநன்ம, அதான் மொத நற்கருணை, குடுக்கணும், அதுக்குள்ள வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்னா. கொல்லம் தாண்டினப்ப வட வாங்கிக் குடுத்தேன். மூணு வட தின்னா சார். அவ திங்கிறதப் பாத்துட்டே இருந்தேன்.

காயங்குளம் பக்கத்துல, ஆஸ்பத்திரியில வயசு, அப்பா பேரெல்லாம் கேப்பாங்களேன்னு போனைத் தொறந்தேன். ஷீட்டை அதுலயும் ஏத்தி வச்சிருந்தேன். நாப்பத்தொண்ணாவது வரிச. சூசைமிக்கேல். தகப்பன் பேரு இன்னாசிமுத்து. வயசு அம்பத்தாறு.

மெர்லின் புருசனுக்கு முப்பத்திமூணு. அவன் அப்பா பனியடிமையோட நான் சீட்டு வெளையாடியிருக்கேன்.

அடிக்கையில தப்பா அடிச்சிருப்பேன்னுதான் மொதல்ல நெனச்சேன். நெசமா. ஒரு ஆளுக்கு நேரா இன்னொரு ஆளு வயச அடிக்கிறது எல்லாருக்கும் நடக்கும். ஒங்களுக்கு நடந்ததில்லியா?

சரி, ஒங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். நீங்க யாரோ, நான் யாரோ. கீழயும் தேடினேன். நூத்தி எம்பத்தேழாவது வரிசையில இன்னொரு சூசைமிக்கேல் இருந்தான். தகப்பன் பேரு பனியடிமை. வயசு முப்பத்திமூணு. படகு பரலோகமாதா. போனது பதினொண்ணு. வந்தது சைபரு.

லுக்கப்புக்கு மேலருந்து கீழ போற பழக்கம். ஒரே பேர்ல ரெண்டு ஆளு இருந்தா, மொதல்ல எவன் ஆம்புடுதானோ அவனப் புடிச்சிட்டு வந்துரும். கீழ இன்னொருத்தன் நிக்கானான்னு பாக்காது. சம்-இஃப் அதுக்கு எந்தப் படகக் குடுத்தமோ அதத்தான் கூட்டும். அது சரியாத்தான் கூட்டிச்சு. ரெண்டுமே அதது வேலயச் சரியாத்தான் செஞ்சுது சார். ஃபார்முலாவுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. எங்க கரையில சூசைமிக்கேல்னு பேரு வைக்கிறதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

போன அணச்சுப் பையில போட்டேன். "என்னண்ணே?"ன்னா. "சார்ஜ் இல்ல"ன்னேன். அவ பேச்ச விட்ட எடத்துலருந்து தொடங்கிட்டா. எர்ணாகுளம் வரைக்கும் விடாமப் பேசிட்டே வந்தா. அவரு மொத மொத பொண்ணு பாக்க வந்தப்ப சட்டப் பித்தான மாத்திப் போட்டிருந்தாராம். அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. எப்படிச் சொல்ல? எந்த எடத்துல அவளை நிறுத்திச் சொல்ல? நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா? ரெண்டர மணி நேரம் சார். ஆலப்புழயில நிக்கையில சொல்லிருவோம்னு வாயத் தொறந்தேன். "தண்ணி வேணுமா மக்கா?"ன்னு கேட்டேன்.

ஆஸ்பத்திரியில நர்ஸ் கூட்டிட்டுப் போனாங்க. நீளமான வார்டு. மெர்லின் முன்னால போறா, நான் பின்னால. ஒவ்வொரு கட்டிலா மொகத்தப் பாத்துட்டே போனா. கடைசிக்கு மூணாவது கட்டில்ல நர்ஸ் நின்னாங்க. "சூசைமிக்கேல்"ன்னாங்க.

வயசான மனுசன். ஒதடெல்லாம் உப்புல வெடிச்சிருக்கு. ரெண்டு கையும் கட்டுப் போட்டிருக்கு, பலகையப் புடிச்சுப் புடிச்சுத் தோலு உரிஞ்சு போச்சாம். அவரு இவளப் பாத்தாரு. இவ அவரப் பாத்தா.

"நீ யாரு மோளே?"

மெர்லின் நர்ஸப் பாத்து, "வேற சூசைமிக்கேல் இருக்காங்களா?"ன்னு கேட்டா. நர்ஸ் தாளப் பாத்துட்டு இல்லன்னாங்க. என்னப் பாத்துக் கேப்பான்னு நெனச்சேன். கேக்கல. என் பக்கம் திரும்பவே இல்ல.

"ஒங்களுக்கு யாரும் வரலியா?"ன்னு அந்த மனுசன்கிட்டக் கேட்டா.

"யாரு வர? பொஞ்சாதி செத்துப் போயி ஒம்பது வருசமாச்சு. மக பஹ்ரைன்ல. நீ ஆரத் தேடி வந்தே?"

"இந்தப் பேருக்காரரத்தான்."

அவருக்குப் புரிஞ்சுபோச்சு. கடல்ல கெடந்து வந்த ஆளுக்கு அது புரிய எவ்வளவு நேரமாகும்? ஏங்கி ஏங்கி அழுதாரு. கட்டுப் போட்ட கையால கண்ணத் தொடைக்க முடியாமத் தொடைச்சாரு. இவ கட்டிலோரம் உக்காந்து, தூக்குவாளியத் தொறந்து, கெழங்கப் பிச்சு, கொழம்புல தொட்டு அவரு வாயில வச்சா. ஒவ்வொரு வாயா. அவரு மெல்ல முடியாம மென்னாரு. கொழம்பு முடியிற வரைக்கும் ஊட்டினா. வாளியக் கழுவி, கவுத்தி வச்சு, தண்ணி வடிஞ்ச பெறகு மூடிப் பையில வச்சா. அதுக்குப் பெறகுதான் வார்டுக்கு வெளிய வந்து, செவுத்தப் புடிச்சுக்கிட்டு, ஒரு சத்தம் போட்டா.

அந்தச் சத்தத்த நான் சொல்ல மாட்டேன்.

திரும்பி வாறப்ப பைய மடியில வச்சுக்கிட்டு வெளியவே பாத்துட்டு வந்தா. ஊருக்கு வந்ததும் வீட்டுக்குப் போகல. நேரா கோயில் படிக்கட்டுக்குப் போனா. நாலு நாள் முன்னால கல்கண்டு குடுத்துட்டுப் போன எடம். அந்தப் பொம்பளைங்க நகந்து எடம் விட்டாங்க. ஒருத்தி அவ தலய மடியில சாய்ச்சுக்கிட்டா. நான் மண்டபத்துக்குப் போயி கம்ப்யூட்டரத் தொறந்து, எங்க ஊருக்கு நேரா 'வர வேண்டியது' ஏழுன்னு எழுதி வச்சிருந்தத எட்டுன்னு மாத்தினேன். ஃபாதர் பக்கத்துல நின்னாரு. "ததேயூஸ், நீங்க வீட்டுக்குப் போங்க, சிஸ்டர் பாத்துக்கிடுவாங்க"ன்னாரு. அவ்வளவுதான். எட்டு நாளு சோறு தண்ணி இல்லாம வேல பாத்தவன்கிட்ட அவ்வளவுதான் சொன்னாரு. அடுத்த மாசம் கம்ப்யூட்டர் கிளாஸையும் நிப்பாட்டிட்டாங்க. புள்ளைங்க வரலன்னாங்க.

பரலோகமாதாவுல போன பதினொரு பேர்ல ஒருத்தரும் வரல. ஒரு பலககூடக் கெடைக்கல.

மெர்லின் எங்கிட்ட ஒரு கொறையும் சொன்னதில்ல சார். ஊர்ல நூறு பேரு நூறு பேசினாங்க, அவ வாயிலருந்து ஒரு சொல்லு வந்ததில்ல. அவளே சொல்லல, மத்தவங்களுக்கு என்ன? ஆனா எதுக்க வந்தா தலயக் குனிஞ்சுட்டுப் போயிருவா. நாலு வருசம் அப்படித்தான்.

போன ஜூன் மாசம் கடைக்கு வந்தா. பாப்பாவ வேற பள்ளிக்கூடத்துல சேக்கணுமாம். புருசனோட இறப்புச் சர்ட்டிபிகேட்டு மூணு காப்பி. கடையில வேற யாரும் இல்ல. மெஷின் சூடாகிற வரைக்கும் நிக்கணும். நின்னா. பெறகு கேட்டா:

"அண்ணே, அன்னிக்கு ரயில்ல ஏண்ணே சொல்லல?"

நாலு வருசத்துல மொத வார்த்த. ஒரு வெள்ளத் தாள எடுத்தேன். கட்டம் போட்டேன். இங்க பாரு மக்கா, இது நாப்பத்தொண்ணாவது வரிச, இது நூத்தி எம்பத்தேழு. இது மேலருந்து கீழ தேடும். மொத ஆளு கெடைச்சதும் நின்னுரும். இந்தப் படகு பேர எடுத்து இங்க குடுக்கும், இது எல்லாத் துறைமுகத்தையும் கூட்டும். கூட்டல்ல தப்பில்ல. பேரும் அப்பா பேரும் சேத்து அடிச்சிருந்தா சரியா வந்திருக்கும், இப்ப அப்படி மாத்தியாச்சு, இனி தப்பே வராதுன்னு. பத்து நிமிசம் சொன்னேன் சார். அம்பு போட்டு வெளக்கினேன். அவ ஒவ்வொரு அம்பையும் பாத்தா.

நான் முடிச்சதும், "சரிண்ணே"ன்னா. காப்பிய எடுத்து ஓரம் தட்டி அடுக்கினா. பெறகு சொன்னா:

"காயங்குளத்துல நீங்க போன அணச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணே. ஒங்க மொகத்துல இருந்துச்சு. நீங்க சொல்லீரக் கூடாதேன்னுதான் வாய் மூடாமப் பேசிட்டு வந்தேன். பேச்ச நிப்பாட்டினா சொல்லிருவீங்கன்னு பயம். என்ன பேசினேன்னுகூட ஓர்மயில்ல. ஆனாலும் நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

போயிட்டா. காசு மேசையில இருந்துச்சு. நான் வேண்டாம்னு சொல்ல நெனைக்கிறதுக்குள்ள ரோட்டக் கடந்துட்டா.

அப்ப அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சுதான இருக்கு? நான் சொல்லியிருந்தாலும் சொல்லாட்டியும் அவளுக்கு ஒண்ணுதான? நீங்க படிச்சவரு. ஒண்ணுதான சார்?

ஏன் சார் பேச மாட்டேங்கீங்க?